கறுப்புப் புள்ளி ஏன் பரவுகிறது? மெலனோமா, புரதம் கரைக்கும் நொதியங்கள், மரபணுக் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மரபணுக் கட்டுப்பாட்டுப் பாடம் தொடங்கினால் பிள்ளைகள் கேட்பது ஒன்று: "ரீச்சர், இது சோதனைக்கு மட்டும்தானா, நோய்களோடும் ஏதாவது தொடர்பு இருக்கா?" பெற்றோர் வந்தால் கேட்பது வேறு: "அம்மம்மாவின் குதிக்காலில் ஒரு கறுப்பு, பயப்பட வேணுமா?" இரண்டு கேள்விகளும் ஒரே நோயில் வந்து சந்திக்கின்றன. அதனால் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நோயை நிர்ணயிப்பது வைத்தியரின் வேலை. அந்த நோய்க்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் இங்கே சொல்ல முடியும்.

மெலனோமா என்றால் என்ன? மற்றத் தோல் புற்றுநோய்களை விட ஏன் இதற்கு அதிகம் பயப்படுகிறார்கள்?

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உருவாக்கும் மெலனோசைட்டுக் கலங்கள் மேற்றோலின் அடிவரிசையில் இருக்கின்றன. அவை கட்டுப்பாடு இழந்து பெருகுவதுதான் மெலனோமா. மேற்றோலின் மற்றக் கலங்களிலும் புற்றுநோய் வரும். அடித்தளக் கலங்களில் வருவது இருந்த இடத்தையே அரித்துக்கொண்டு கிடக்கும். உடலின் வேறு பகுதிக்குப் போவது மிக அரிது. செதிள் கலங்களில் வருவது சில வேளை பரவும். மெலனோமா அப்படியல்ல. சில மில்லிமீற்றர் தடிப்பே உள்ள ஒரு கட்டியிலிருந்துகூட நிணநீர்க் கணுக்களுக்கும், நுரையீரல், ஈரல், மூளைக்கும் கலங்கள் போய்ச் சேரலாம்.

அதற்கு ஒரு காரணம் இந்தக் கலங்களின் பூர்வீகத்தில் இருக்கிறது. முளையப் பருவத்தில் முதுகுப் பக்கத்தில், நரம்புக் குழாய் உருவாகும் இடத்தின் ஓரத்தில் இவை பிறக்கின்றன. அங்கிருந்து இழையங்களுக்குள்ளால் நகர்ந்து நகர்ந்துதான் தோலுக்கு வந்து சேர்கின்றன. பயணம் செய்வதற்கான மரபணுக்கள் அப்போது ஒருமுறை வேலை செய்தவை. தோலில் குடியேறிய பின் அடங்கிவிடுகின்றன, ஆனால் அழிந்துவிடுவதில்லை.

எங்களைப் போல் கறுத்த தோல் உள்ளவர்களுக்கும் இது வருமா?

வரும். வெள்ளைத் தோல் உள்ளவர்களை விட எங்களுக்கு மிகக் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் வரும்போது நாங்கள் தேடாத இடங்களில் வருகிறது: உள்ளங்கால், குதிக்கால், உள்ளங்கை, நகத்துக்குக் கீழே. வெயில் படாத இடங்கள் இவை. "நான் வெயிலில் நிற்பதில்லை, எனக்கு வராது" என்ற கணக்கு இந்த வகைக்குப் பொருந்தாது. பாடகர் பொப் மார்லிக்கு வந்தது இதுதான். 1977 இல் கால் பெருவிரல் நகத்தின் கீழ் கண்டுபிடிக்கப்பட்டு, 1981 இல் தனது 36 ஆவது வயதில் இறந்தார்.

வெயிலால் வரும் மெலனோமாவுக்கும் கைகால்களில் வரும் இந்த வகைக்கும் மரபணு மட்டத்திலேயே வேறுபாடு இருக்கிறது. முதல் வகையில் பீராஃப் என்ற மரபணுவின் விகாரம், அதாவது அதன் டிஎன்ஏயில் ஏற்படும் மாற்றம், மிகப் பரவலானது. இரண்டாவதில் அது குறைவு. கிட் என்ற மரபணுவின் மாற்றங்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன. மருந்து தெரிவுசெய்யும்போது இது முக்கியமாகிறது.

புரதம் கரைக்கும் நொதியங்கள் என்கிறீர்களே, வயிற்றில் சமிபாடு செய்பவைதானா?

இரசாயனம் ஒன்றுதான். பெப்சினும் டிரிப்சினும் சாப்பாட்டில் உள்ள புரதச் சங்கிலியை வெட்டுகின்றன. தோலில் இருப்பவை உடலின் சொந்தப் புரதங்களை வெட்டுகின்றன. புரதம் வெட்டும் நொதியங்களுக்கான மரபணுக்கள் மனிதரில் 500 இற்கும் மேல் இருக்கின்றன.

மெலனோமாவைப் பொறுத்தவரை மூன்று கூட்டங்கள் முக்கியம். முதலாவது, துத்தநாக அயனை நடுவில் வைத்து வேலை செய்யும் மெட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேசுகள். சுருக்கமாக எம்எம்பி. மனிதரில் 23 வகை. இரண்டாவது, யூரோகினேசும் அது தூண்டிவிடும் பிளாஸ்மினும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் அதே பிளாஸ்மின்தான். மூன்றாவது, கலத்தின் உள்ளே பழைய புரதங்களைச் சிதைக்கும் கதெப்சின்கள். புற்றுநோயில் இவை வெளியேயும் கொட்டப்படுகின்றன.

இனி எம்எம்பிகளைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் மரபணுக் கட்டுப்பாடு அங்கேதான் மிகத் தெளிவாக ஆராயப்பட்டிருக்கிறது. முதல் எம்எம்பியை 1962 இல் ஜெரோம் குரோஸ், சார்ள்ஸ் லப்பியேர் இருவரும் வாற்பேத்தையின் வாலில் கண்டார்கள். வால் சுருங்கி மறைந்து தவளையாக வேண்டுமென்றால் வாலில் உள்ள கொலஜன், அதாவது இழையங்களைத் தாங்கிப் பிடிக்கும் நார்ப் புரதம், கரைய வேண்டும். அதைக் கரைத்த நொதியம்தான் எம்எம்பி குடும்பத்தின் முதல் ஆள். புற்றுநோயைத் தேடிப் போய் இவை கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த நொதியங்கள் இல்லாமல் புற்றுநோய்க் கலம் ஏன் வெளியே போக முடியாது?

மேற்றோலுக்கும் அதன் கீழுள்ள உள்தோலுக்கும் நடுவில் அடித்தள மென்சவ்வு என்று ஒரு மெல்லிய படை இருக்கிறது. நாலாம் வகைக் கொலஜன் இழைகள் பின்னிய வலை அது. எங்கள் ஊர்க் கிடுகு வேலியை நினைத்துக்கொள்ளுங்கள்: காற்றும் வெளிச்சமும் போகும், ஆள் போக முடியாது. அதுபோல மென்சவ்வுக்குள்ளால் ஊட்டச்சத்து போகும், கலம் போகாது. இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் மறுபக்கத்தில்தான் இருக்கின்றன.

எம்எம்பி-2, எம்எம்பி-9 இரண்டும் நாலாம் வகைக் கொலஜனை வெட்டக்கூடியவை. அதைத் தாண்டிய பின் உள்தோலில் நிறைந்திருப்பது முதலாம் வகைக் கொலஜன். எம்எம்பி-1 அதை வெட்டும். நாலாம் வகைக் கொலஜனை அதிகம் கரைக்கும் கட்டிக் கலங்களே அதிகம் பரவுகின்றன என்ற தொடர்பை லான்ஸ் லியோட்டா குழுவினர் 1980 இல் எலிகளின் கட்டிகளில் காட்டினார்கள். அந்த ஆய்வுக்குப் பிறகுதான் இந்தத் துறை வேகம் பிடித்தது.

வெட்டுவது மட்டும் இவற்றின் வேலை அல்ல. கொலஜன் வலைக்குள் பல வளர்ச்சிக் காரணிகள் ஒட்டிக் கிடக்கின்றன. வலை வெட்டுப்படும்போது அவையும் விடுபடுகின்றன. புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கும் காரணியை எம்எம்பி-9 இப்படி விடுவிக்கிறது.

அப்படியென்றால் புற்றுநோய்க் கலம் ஒரு புதிய நொதியத்தை உருவாக்கிக்கொள்கிறதா?

இல்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதுதான். இதை வாசிக்கும் ஒவ்வொருவரின் தோலிலும் அதே மரபணுக்கள் இருக்கின்றன, தேவைப்படும்போது வேலையும் செய்கின்றன.

தோட்டத்தில் மண்வெட்டி காலில் பட்டுக் காயம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காயத்தின் ஓரத்தில் உள்ள மேற்றோல் கலங்கள் தங்கள் மென்சவ்வை விட்டு விலகி, கீழே உள்ள முதலாம் வகைக் கொலஜனைத் தொடுகின்றன. அந்தத் தொடுகைதான் சமிக்ஞை. உடனே எம்எம்பி-1 மரபணு வேலை தொடங்குகிறது. கலம் கொலஜனை வெட்டி வெட்டி முன்னேறுகிறது, காயம் மூடுகிறது. இரண்டு ஓரங்களும் சந்தித்து மென்சவ்வு திரும்ப உருவானதும் மரபணு அடங்கிவிடுகிறது. மாதவிடாயின்போது கருப்பை உட்சுவர் கழன்று விழுவதிலும், எலும்பு வளர்வதிலும் எம்எம்பிகளுக்குப் பங்கு இருக்கிறது.

ஆக, நொதியத்தில் குற்றம் இல்லை. எப்போது தொடங்குவது, எவ்வளவு உருவாக்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு போய்விடுவதுதான் கோளாறு. காயம் இல்லாமலே காயத்துக்கான மரபணுக்கள் வேலை செய்கின்றன, நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை வருவதே இல்லை.

சீனி வருத்தம் உள்ளவர்களின் ஆறாத கால் புண்ணிலும் இந்தக் கட்டுப்பாடு குழம்பித்தான் இருக்கிறது. அங்கே எம்எம்பி-9 அளவுக்கு மீறி இருந்து, புதிதாகக் கட்டும் இழையத்தையும் கரைத்துவிடுகிறது. அது புற்றுநோய் அல்ல. ஆனால் பல வருடமாக ஆறாத புண்ணிலோ பழைய எரிகாயத் தழும்பிலோ செதிள் கலப் புற்றுநோய் தோன்றக்கூடும். ஆகவே நாட்பட்ட புண் ஒன்று திடீரென்று தடித்தால், ஓரம் உயர்ந்தால், வைத்தியருக்குக் காட்டத்தான் வேண்டும்.

ஒரு மரபணுவை வேலை தொடங்கச் சொல்வது யார்?

உயர்தர மாணவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். மரபணுவுக்கு முன்னால் கட்டுப்படுத்தும் பகுதி ஒன்று உண்டு. அங்கே குறிப்பிட்ட டிஎன்ஏ எழுத்து வரிசைகள் இருக்கின்றன, ஒவ்வொரு வரிசையிலும் அதற்குரிய புரதம் வந்து ஒட்டும். இந்தப் புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்கிறோம். அவை ஒட்டினால்தான் மரபணு, புரதம் உருவாக்கப் பயன்படும் பிரதியான ஆர்என்ஏ ஆகப் படியெடுக்கப்படும்.

எம்எம்பி-1 மரபணுவில், படியெடுப்புத் தொடங்கும் புள்ளிக்குச் சுமார் 70 எழுத்து முன்னால், ஏழெழுத்து வரிசை ஒன்று இருக்கிறது. அதில் ஒட்டுவது ஏபி-1. இது ஒரு புரதம் அல்ல, ஜோடி: ஜுன் குடும்பத்தில் ஒன்றும் பொஸ் குடும்பத்தில் ஒன்றும் சேர்ந்து உருவாவது. எம்எம்பி-9 மரபணுவிலும் ஏபி-1 இற்கு இடம் உண்டு; கூடவே அழற்சியின்போது விழித்தெழும் என்எஃப்-கப்பாபி காரணிக்கும் இடம் உண்டு. அழற்சி உள்ள இழையத்தில் எம்எம்பி-9 ஏன் கூடுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

ஏபி-1 ஐ எழுப்புவது கலத்தின் வெளியிலிருந்து வரும் செய்தி. வளர்ச்சிக் காரணி வந்து கல மேற்பரப்பில் உள்ள ஏற்பியைத் தொடும். ஏற்பி ராஸ் புரதத்தை எழுப்பும், ராஸ் பீராஃபை, பீராஃப் மெக்கை, மெக் எர்க்கை. எர்க் கருவுக்குள் போய் பொஸ், ஜுன் புரதங்களைக் கூட்டுகிறது. சூரியனின் புற ஊதாக் கதிரும் ஏபி-1 ஐ எழுப்பக்கூடியது. வெயிலில் வேலை செய்பவர்களின் பின்கழுத்துத் தோல் வரிவரியாகச் சுருங்குவது அதனால்தான்: கதிர் பட, ஏபி-1 எழும்ப, எம்எம்பி-1 கூட, கொலஜன் குறைகிறது.

மெலனோமாவில் இந்த வழி எங்கே கெட்டுப்போகிறது?

பெரும்பாலும் பீராஃபில். 2002 இல் வெளியான ஆய்வு ஒன்று மெலனோமாக்களில் இந்த மரபணுவின் விகாரம் மிகப் பரவலாக இருப்பதைக் காட்டியது. இன்று தெரிந்த அளவில் தோல் மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் அது இருக்கிறது. புரதத்தின் 600 ஆவது இடத்தில் வலின் இருக்க வேண்டிய இடத்தில் குளுட்டாமிக் அமிலம் வந்துவிடுகிறது. டிஎன்ஏயில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே போதும். அதன் பிறகு மேலிருந்து ராஸ் எதுவும் சொல்லாமலே பீராஃப் ஓயாமல் வேலை செய்கிறது. எர்க் ஓய்வதில்லை, ஏபி-1 ஓய்வதில்லை, எம்எம்பி-1 மரபணு படியெடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

சாதாரண மறுக்களிலும் (மச்சங்களிலும்) இதே பீராஃப் விகாரம் அடிக்கடி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மறு வளர்ந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. அந்த ஒரு விகாரம் மட்டும் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. நிறுத்தும் மரபணுக்களும் பழுதானால்தான் ஆபத்து. உடம்பில் உள்ள மறுக்களை எண்ணி எண்ணிக் கவலைப்படத் தேவையில்லை. மாறிக்கொண்டு வரும் மறுவைத்தான் கவனிக்க வேண்டும்.

இது பரம்பரையா? பிள்ளைகளுக்கு வருமா?

மேலே சொன்ன பீராஃப் விகாரம் தோல் கலத்தில் வாழ்நாளில் ஏற்படுவது. பிள்ளைக்குக் கடத்தப்படாது. தொற்றவும் மாட்டாது. நோயாளரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே கட்டிலில் படுக்கலாம்.

சில குடும்பங்களில் மட்டும், சிடிகேஎன்2ஏ போன்ற மரபணுவில் பழுது பரம்பரையாக வந்து, பலருக்கு மெலனோமா வருகிறது. நெருங்கிய உறவில் இருவருக்கு மேல் வந்திருந்தால் வைத்தியரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பரம்பரை என்றதும் மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. எம்எம்பி-1 மரபணுவுக்கு 1607 எழுத்து முன்னால் சிலருக்கு ஒரு ஜி இருக்கும், சிலருக்கு இரண்டு ஜி. அந்த ஒரு மேலதிக எழுத்தால் ஈட்ஸ் என்ற படியெடுப்புக் காரணி ஒட்டுவதற்குப் புதிய இடம் கிடைக்கிறது, மரபணு கூடுதலாகப் படியெடுக்கப்படுகிறது. 1998 இல் வெளியான கண்டுபிடிப்பு இது. நொதியத்தின் அமைப்பில் ஒரு மாற்றமும் இல்லை, அளவு மட்டும் மாறுகிறது. இரண்டு ஜி இருப்பது நோய் அல்ல. மிகப் பலருக்கு இருக்கும் இயல்பான வேறுபாடுதான்.

மரபணு படியெடுக்கப்பட்டால் உடனே நொதியம் வெட்டத் தொடங்கிவிடுமா?

தொடங்காது. உடல் இதில் மிகவும் கவனமாக இருக்கிறது. எம்எம்பி பிறக்கும்போது செயலற்ற நிலையில்தான் பிறக்கிறது. அதன் முன்பகுதியில் உள்ள ஒரு சிஸ்டீன், வெட்டும் இடத்தில் உள்ள துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வேறொரு நொதியம் வந்து அந்த முன்பகுதியை வெட்டி அகற்றினால்தான் வேலை தொடங்கும். பிளாஸ்மின் செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்று. அதற்குப் பிறகும் டிம்ப் என்ற தடுப்புப் புரதங்கள் நாலு வகை சுற்றி இருக்கின்றன. எம்எம்பியில் போய் ஒட்டி அதை நிறுத்திவிடும்.

எம்எம்பி-2 இன் கதைதான் மிகச் சுவையானது. அதன் மரபணுவில் எம்எம்பி-1 இல் உள்ளதுபோல ஏபி-1 இன் பிடி இல்லை; பல கலங்களில் அது எப்போதும் ஓரளவு உருவாகிக்கொண்டே இருக்கிறது. அதை இயங்க வைப்பது கல மேற்பரப்பில் பதிந்திருக்கும் எம்எம்பி-14, 1994 இல் கண்டுபிடிக்கப்பட்டது. எம்எம்பி-14 ஒரு டிம்ப்-2 ஐப் பிடிக்கும், அந்த டிம்ப்-2 செயலற்ற எம்எம்பி-2 ஐப் பிடித்துத் தரும், பக்கத்தில் உள்ள இன்னொரு எம்எம்பி-14 அதை வெட்டி விடுவிக்கும். தடுக்க வேண்டிய டிம்ப்-2 இங்கே உதவி செய்கிறது! கொஞ்சம் இருந்தால் உதவி, அதிகம் இருந்தால் தடை. மெலனோமாக் கலம் முன்னேறும் முனையில் நீட்டும் சிறு கால்களில் இந்த எம்எம்பி-14 குவிந்திருக்கும். எல்லாத் திசையிலும் கரைக்காமல், போக வேண்டிய பக்கத்தை மட்டும் கரைக்கிறது.

மரபணுவை அடக்கி வைக்கும் காரணிகளும் இருக்கின்றனவா?

இருக்கின்றன, மெலனோமா முற்றும்போது அவை குறைகின்றன. ஏபி-2 அவற்றில் நன்றாக ஆராயப்பட்டது. (ஏபி-1 இன் தம்பி என்று நினைக்க வேண்டாம், அது வேறு குடும்பம்.) மெலனோமாக் கலங்களில் ஏபி-2 இன் வேலையைத் தடுத்துப் பார்த்தபோது எம்எம்பி-2 கூடியது, எலிகளில் கட்டி வேகமாக வளர்ந்தது.

எழுத்து எதுவும் மாறாமலே மரபணு மௌனமாவதும் உண்டு. டிஎன்ஏயில் மெதைல் என்ற சிறு இரசாயனக் கூட்டங்கள் ஒட்டினால் அந்தப் பகுதி படியெடுக்கப்படாது. டிம்ப்-3 இப்படி மௌனமாக்கப்படுவதைப் பல புற்றுநோய்களில் கண்டிருக்கிறார்கள். மைக்ரோ ஆர்என்ஏ-21 என்ற சிறு ஆர்என்ஏ இன்னொரு வழியில் டிம்ப்-3 ஐக் குறைக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே மிட்எஃப் இருக்கிறது, மெலனோசைட்டை மெலனோசைட்டாக வைத்திருக்கும் காரணி. அது நிறைய உள்ள கலம் மெலனின் உருவாக்கும், பெருகும். அது குறைந்த கலம் பெருகுவதைக் குறைத்து, நகரத் தொடங்கும். ஒரே கட்டிக்குள் இரண்டு வகையும் இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறவும் செய்யும். எனக்கு இந்த நோயில் மிகவும் கவலை தருவது இந்த மாறும் தன்மைதான். பெருகும் கலங்களைக் குறிவைக்கும் மருந்திலிருந்து நகரும் கலங்கள் தப்பிவிடக்கூடும்.

நொதியங்கள் முழுவதும் புற்றுநோய்க் கலத்திலிருந்துதான் வருகின்றனவா?

கணிசமான பகுதி பக்கத்தில் உள்ள நல்ல கலங்களிலிருந்து வருகிறது. மெலனோமாக் கலத்தின் மேற்பரப்பில் உள்ள எம்ப்ரின் என்ற புரதம், அருகில் உள்ள நாரரும்பர் கலங்களை (கொலஜன் உருவாக்கும் கலங்கள்) எம்எம்பி உருவாக்கச் சொல்கிறது. அந்தக் கலங்களில் விகாரம் எதுவும் இல்லை. காயம் வந்துவிட்டது என்று நம்பி அவை வேலை செய்கின்றன. அழற்சிக் கலங்களும் எம்எம்பி-9 ஐக் கொண்டுவருகின்றன.

அந்த நொதியத்தை மருந்தால் நிறுத்திவிட்டால் நோய் பரவாதே, ஏன் செய்யவில்லை?

செய்து பார்த்தார்கள். 1990 களில் பட்டிமஸ்டாட், மாரிமஸ்டாட் என்று எம்எம்பியின் துத்தநாகத்தைப் பிடிக்கும் மருந்துகள் வந்தன. எலிகளில் நன்றாக வேலை செய்தன. பல வகைப் புற்றுநோயாளர்களுக்குப் பெரிய பரிசோதனைகளில் கொடுத்தபோது எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. மூட்டு நோவும் தசை நோவும் வந்து பலர் மருந்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

காரணங்களை யோசித்தால் மேலே படித்த எல்லாம் திரும்ப வருகின்றன. பரிசோதனையில் சேர்ந்தவர்களில் பலருக்கு நோய் ஏற்கெனவே பரவிவிட்டது. மென்சவ்வைத் தாண்டிய பின் அதைக் காப்பாற்றி என்ன பயன்? மருந்து எல்லா எம்எம்பியையும் ஒன்றாக நிறுத்தியது. ஆனால் எல்லாம் கெட்டவை அல்ல. எம்எம்பி-8 இல்லாத ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் கூடுதலாக வருவதை 2003 இல் கண்டார்கள். மனித மெலனோமாக்களில் எம்எம்பி-8 மரபணு அடிக்கடி விகாரப்பட்டுச் செயலிழக்கிறது என்பது 2009 இல் தெரிந்தது. பாதுகாக்கும் நொதியத்தையும் சேர்த்தே நிறுத்தியிருக்கிறார்கள். 2003 இல் வெளியான இன்னொரு ஆய்வு, எல்லாப் புரத நொதியங்களையும் தடுத்தபோதும் கட்டிக் கலங்கள் நிற்கவில்லை என்று காட்டியது. அமீபாபோல உருவத்தை மாற்றி, கொலஜன் இழைகளின் இடைவெளிக்குள்ளால் நெளிந்து போயின.

இந்தத் தோல்வியை நான் வகுப்பில் நீண்ட நேரம் சொல்வேன். ஒரு நொதியம் எங்கே, எப்போது, யாருக்காக வேலை செய்கிறது என்று தெரியாமல் அதை நிறுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எம்எம்பித் தடுப்பாகப் பாவனைக்கு வந்தது குறைந்த அளவு டொக்சிசைக்கிளின். அதுவும் முரசு நோய்க்கு.

சரி, அப்படியானால் இப்போது என்ன வைத்தியம் இருக்கிறது?

ஆரம்பத்தில் கண்டால் வெட்டி அகற்றுவதுதான் முதல் வைத்தியம், பலருக்கு அதுவே போதும். பரவிய நோய்க்கு, பீராஃப் விகாரம் இருந்தால், பீராஃபையும் மெக்கையும் சேர்த்துத் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. பீராஃபைத் தடுக்கும் வெமுராஃபெனிப் 2011 இல் அமெரிக்காவில் மெலனோமாவுக்கு அனுமதி பெற்றது. நொதியத்தைத் தொடாமல், அதன் மரபணுவை எழுப்பும் வழியை மேலேயே மறிக்கிறார்கள். உடலின் நோயெதிர்ப்புக் கலங்களின் கட்டைத் தளர்த்திவிடும் மருந்துகளும் இருக்கின்றன. அதற்கு அடித்தளம் இட்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ இருவருக்கும் 2018 இல் நோபல் பரிசு கிடைத்தது. யாருக்கு எது பொருந்தும் என்பதைப் புற்றுநோய் வைத்திய நிபுணர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பப்பாசியில் புரதம் கரைக்கும் நொதியம் இருக்கிறதாமே. சாப்பிட்டால் நோய் கூடுமா, குறையுமா?

இரண்டும் இல்லை. ஆட்டிறைச்சி வேகப் பப்பாசிக்காய்த் துண்டு போடுகிறோமே, இறைச்சியை மெதுவாக்குவது பப்பேன் என்ற நொதியம். கதெப்சின் பீயும் எல்லும் பப்பேனின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் சாப்பிட்ட பப்பேன் வயிற்றில் தானே சமிபாடு அடைந்துவிடும், காலில் உள்ள கட்டிக்குப் போகாது. பப்பாசியைப் பழமாக ருசித்துச் சாப்பிடுங்கள்.

கறுப்புப் புள்ளியில் பப்பாசிப் பால் பூசுவது வேறு விஷயம். தயவுசெய்து செய்ய வேண்டாம். தோல் புண்ணாகும், புள்ளியின் உருவம் மாறிவிடும், பிறகு வைத்தியருக்கும் அடையாளம் காண்பது கடினம். கால் ஆணி என்று நினைத்து பிளேட்டால் சீவுவதும் அதே போன்றதுதான்.

கத்தி வைத்தால் பரவிவிடும் என்கிறார்கள். பயொப்சிக்கு (பரிசோதிக்க இழையத்தை வெட்டி எடுப்பதற்கு) சம்மதிக்கலாமா?

சம்மதியுங்கள். இந்தப் பயம் எங்கள் ஊரில் எவ்வளவு ஆழமானது என்று எனக்குத் தெரியும். காயம் எம்எம்பியைக் கூட்டும் என்று மேலே நானே எழுதியதால், இதற்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு இருக்கிறது. பயொப்சி எடுத்ததால் மெலனோமா நோயாளரின் ஆயுள் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. முடிந்தவரை புள்ளி முழுவதையும், சுற்றி ஓரிரு மில்லிமீற்றர் நல்ல தோலோடு சேர்த்தே எடுப்பார்கள். காலம் தாழ்த்துவதால் வரும் கேடுதான் நிச்சயமானது, ஏனென்றால் அந்த மாதங்களில் கலங்கள் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

அறிக்கையில் "பிரெஸ்லோ தடிப்பு" என்று மில்லிமீற்றரில் போட்டிருக்கிறார்கள். என்ன அது?

மேற்றோலின் மேற்பகுதியிலிருந்து, கட்டிக் கலம் இறங்கிய மிக ஆழமான இடம் வரை உள்ள தூரம். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970 இல் அறிமுகப்படுத்திய அளவு, இன்றும் மிக முக்கியமானது. 1 மில்லிமீற்றருக்குள் என்றால் முதல் வகுப்பு, 2 வரை இரண்டாவது, 4 வரை மூன்றாவது, அதற்கு மேல் நாலாவது. தடிப்புக் கூடக் கூடப் பரவியிருக்கும் வாய்ப்புக் கூடுகிறது, அகற்ற வேண்டிய ஓரத் தோலின் அகலமும் கூடுகிறது: 1 மில்லிமீற்றருக்குள் என்றால் 1 சென்ரிமீற்றர், 2 இற்கு மேல் என்றால் 2 சென்ரிமீற்றர். நொதியங்கள் மென்சவ்வைத் தாண்டி எவ்வளவு தூரம் வழி வெட்டியிருக்கின்றன என்பதை அந்த ஓர் எண்ணில் வாசிக்கலாம். கலங்கள் மேற்றோலுக்குள்ளேயே நின்றுவிட்டால் அது இன்னும் மென்சவ்வைத் தாண்டாத நோய், அகற்றினால் குணமாகும் வாய்ப்பு மிக மிக அதிகம்.

இரத்தத்தில் எம்எம்பி அளந்து நோயைக் கண்டுபிடிக்கலாமா?

வழக்கமான சிகிச்சையில் அப்படி ஒரு பரிசோதனை இல்லை. மூட்டு வாதம், தொற்று, ஆறும் காயம் எல்லாவற்றிலும் எம்எம்பி கூடும். அந்த எண்ணை வைத்து மெலனோமா என்று சொல்ல முடியாது.

வீட்டில் என்ன பார்க்க வேண்டும், யாரிடம் காட்ட வேண்டும்?

குளித்த பிறகு நல்ல வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்கால்கள், விரல் இடுக்குகள், நகங்கள். வயதானவர்களுக்குக் குனிந்து பார்க்க முடியாது. பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரே புள்ளிக்குள் பல நிறமாக, 6 மில்லிமீற்றருக்கு மேல், மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டு இருந்தால் காட்டுங்கள். பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருப்பது எங்களைப் போன்ற நிறத்தவர்களுக்கு இயல்பு. ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டு, நகத்தின் அடித்தோலுக்கும் கறுப்புப் படர்ந்தால் தாமதிக்க வேண்டாம். நகச்சுற்று, பாலுண்ணி, முள்ளுக் குத்திய காயம் என்று நினைத்தது சில வாரங்களில் ஆறாவிட்டாலும் காட்டுங்கள். சில மெலனோமாக்களுக்குக் கறுப்பே இருக்காது, இளஞ்சிவப்பாக இருக்கும்.

முதலில் அருகில் உள்ள வைத்தியசாலையில் காட்டி, தோல் நோய் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். யாழ். போதனா வைத்தியசாலை இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சைக்குத் தெல்லிப்பழையில் வைத்தியசாலை இருக்கிறது. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011 இல் மக்கள் நடந்து நிதி சேர்த்த வைத்தியசாலை அது. போகும்போது புள்ளிக்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த படம், திகதியோடு, கைபேசியில் இருந்தால் மிகவும் நல்லது. முன்னைய மாதப் படமும் இருந்தால் இரண்டையும் காட்டுங்கள், எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்தியர் நேரிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.